யாருடைய ஓட்டம்

என் மகளுடன் எனக்கு ஏற்பட்ட ஒரு சிறு சண்டையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பெரிய விஷயங்களை எழுத உட்காரும்போது பெரிய இடத்திலிருந்தே தொடங்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்த வழி அந்தச் சண்டைதான்.

2021 செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை. ஒஸ்லோவில் நாங்கள் குடியிருக்கும் பகுதியின் விளையாட்டுக் கழகம் பிள்ளைகளுக்கு ஓர் ஓட்டம் வைத்திருந்தது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நோர்வேயில் சிறுவர் விளையாட்டுக்கென்றே விதிகள் இருக்கின்றன. 1987இல் முதலில் வகுத்து, 2007இல் சிறுவர் உரிமைகள் என்ற பெயரில் அவற்றை விரிவாக்கினார்கள். பிள்ளைக்குப் பதினொரு வயதாகும் ஆண்டு வரை போட்டிகளில் முடிவுப் பட்டியல் போடக்கூடாது. பரிசு கொடுப்பதானால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஆகவே அன்று ஓடிய எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பதக்கம், ஆளுக்கொரு வாழைப்பழம். யார் முதலாவது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

நான் எண்ணினேன். கோட்டைத் தாண்டிய தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். கைத்தொலைபேசியில் நேரமும் பார்த்துக்கொண்டேன். மகள் பதினேழாவது. கடைசி வளைவில் தோழியுடன் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரை ஓட்டியபடியே, வெகு அன்பாகத்தான் சொன்னதாக நினைக்கிறேன்: "அந்த இடத்தில் பேசாமல் ஓடியிருந்தால் பத்துக்குள் வந்திருப்பாய்."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஏன் எண்ணினீங்க அப்பா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவள் பதக்கத்தைக் கழற்றி முன்னிருக்கைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அது அங்கேயே கிடந்தது.

ஏன் எண்ணினேன் என்பதைச் சொல்ல நான் அலோனுக்குப் போக வேண்டும்.

ரங்கூன் நகரின் மேற்கே, ஆற்றை ஒட்டிய பகுதி அலோன். படகுத்துறைகள், மரக்கிடங்குகள், நகரைச் சுற்றிவரும் ரயிலின் ஒரு நிறுத்தம், ஒரு மின்நிலையம். (மின்நிலையம் இருந்தும் எங்கள் தெரு இருட்டில் கிடந்த இரவுகள் அதிகம். அதைப் பற்றி அங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை.) கரேன் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்த இடம் அது. 1949 சனவரியில் அவர்கள் குடியிருப்பு தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. நான் பிறந்தபோது அது பழைய கதையாகிவிட்டிருந்தது, ஆனால் என் அப்பாவுக்கு அது ஒருநாளும் பழைய கதையாகவில்லை. 1964இல் கடைகள் அரசுடைமையானபோது அவருடைய சிறிய மளிகைக் கடையும் போயிற்று. அந்த ஆண்டுகளில் மூன்று லட்சம் அளவில் இந்திய வம்சத்தவர் பர்மாவை விட்டுப் போனார்கள். அவருடைய இரு சகோதரர்களும் மதராஸுக்குக் கப்பலேறினார்கள். பாட்டி வர மறுத்ததால் அப்பா தங்கிவிட்டார். வெளிநாட்டார் பதிவு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிறந்த ஊரிலேயே வெளிநாட்டாராக, ஒரு மரக்கிடங்கில் கணக்கெழுதினார்.

சனவரி 4 பர்மாவின் சுதந்திர தினம். அன்று ஒவ்வொரு தெருவிலும் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். சாக்கு ஓட்டம், ஊசியில் நூல் கோத்து ஓடுவது, கண்ணைக் கட்டிப் பானை உடைப்பது, பெரிய பையன்களுக்கு வழுக்குமரம். ஏதாவதொரு வீட்டிலிருந்து ஒலிபெருக்கி வரும். பரிசு இரண்டு நோட்டுப் புத்தகமோ ஒரு சவர்க்காரமோ. எனக்கு எட்டு வயதிருக்கும்போது கரண்டியை வாயில் கடித்து அதில் கோலிக்குண்டு வைத்து ஓடும் ஓட்டத்தில் சேர்ந்தேன். பாதி வழியில் குண்டு விழுந்து சாக்கடைக்குள் உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பா மட்டும் தமிழில் கத்தினார். தெருவில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தத் தமிழ் எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்த வருஷம் வருவதற்கு முன் ஒரு வாரம் வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் கரண்டியும் குண்டுமாக எனக்குப் பயிற்சி நடந்தது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. இரண்டாவதாக வந்தேன். "முதல்ல வந்தது யாரு?" என்று கேட்டார்.

அப்பா கொடியவர் அல்ல. தந்தை மகனுக்குச் செய்யக்கூடியது கற்றோர் கூட்டத்தில் அவனை முன்வரிசையில் நிறுத்துவதுதான் என்று வள்ளுவரை அடிக்கடி இழுப்பார். யாரைத் தள்ளிவிட்டு முன்னால் நிற்பது என்று வள்ளுவர் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. இந்த மண்ணில் நாம் மற்றவர்களோடு சமமாக ஓடினால் பின்தங்கிவிடுவோம், இரண்டு மடங்கு ஓடினால்தான் சமமாக வருவோம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யென்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. இவ்விதழின் வாசகர்களுக்கு, தரப்படுத்தலின் காலத்தைக் கண்டவர்களுக்கு, இதை நான் விளக்கவும் தேவையில்லை.

அந்த நாட்களில் பர்மாவில் எல்லா ஓட்டமும் போய் முடிந்த இடம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பர்மிய மொழியில் 'ஸேதான்'. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைச் 'செத்தான்' என்றே சொல்வோம். ஆறு பாடங்கள். ஒவ்வொன்றிலும் நாற்பது எடுத்தால் தேர்ச்சி. ஆனால் தேர்ச்சியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? எத்தனை பாடத்தில் சிறப்புத் தேர்ச்சி என்பதே கேள்வி. மார்ச் மாதப் பரீட்சைக்கு முன்னாலான வாரங்களில் விடியுமுன்பே தெருவெங்கும் பிள்ளைகள் பாடத்தை உரக்க ஒப்பிக்கும் சத்தம் கேட்கும். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி, ஒரு சொல் பிசகாமல். வேதியியல் சமன்பாட்டைப் பிரித் ஓதுவதுபோல ஓதிய பையன்களை எனக்குத் தெரியும். அந்தப் பருவத்தில் தாய்மார்கள் தொலைக்காட்சியை மூடித் துணி போட்டுவிடுவார்கள். வீட்டில் ஒருவர் இருமினாலும் சண்டை வரும்.

1988இல் நான் தேறினேன். அந்த வருஷமே பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. 1991இல் திறந்தார்கள், டிசம்பரில் திரும்பவும் மூடினார்கள். என் பதினாறிலிருந்து பத்தொன்பது வரை நான் ஒன்றும் படிக்கவில்லை. அந்த மூன்று வருஷங்களை என்னிடம் கேட்டு யாரும் எடுக்கவில்லை. பிறகு எல்லை தாண்டினேன், தாய்லாந்தில் இருந்தேன், இங்கே வந்து சேர்ந்தேன். அதெல்லாம் வேறு கட்டுரை.

இங்கே ஏழாம் வகுப்பு வரை மதிப்பெண்ணே கிடையாது. என் மகளின் ஆசிரியை, "உங்கள் மகள் பிறரோடு நன்றாகப் பழகுகிறாள்" என்று சொன்னபோது, "அது சரி, எத்தனையாவது?" என்று நான் கேட்டேன். ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பதக்கச் சண்டை முடிந்து சில வாரங்களில் என் தங்கை அலோனிலிருந்து அழைத்தாள். அவளுடைய மகனுக்கு அப்போது பதினேழு வயது. 2021 மார்ச்சில் அவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். கொரோனாவும், பிப்ரவரி முதல் தேதி இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு பரீட்சையே நடக்கவில்லை. ஆசிரியர்கள் ஒத்துழையாமையில் இறங்கினார்கள். மே மாதத்துக்குள் ஒன்றேகால் லட்சம் பள்ளி ஆசிரியர்கள் இடைநிறுத்தப்பட்டதாக ஆசிரியர் சம்மேளனம் கணக்குச் சொன்னது. சூன் மாதம் பள்ளிகளைத் திறந்தபோது பெரும்பாலான வகுப்புகள் காலியாகக் கிடந்தன. பள்ளிச் சுவர்களில் 'அடிமைக் கல்வி வேண்டாம்' என்று எழுதப்பட்டிருந்தது. சில பள்ளிகளில் குண்டும் வெடித்தது. இந்த நிலையில் 2022 மார்ச் இறுதியில் பரீட்சை என்று அறிவித்திருந்தார்கள்.

"பேரைப் பதியணும்ங்கிறாங்க. என்ன செய்யட்டும் அண்ணே?"

நான் யோசிக்கவே இல்லை. "அனுப்பாதே" என்றேன். அவர்கள் பரீட்சையை எழுதினால் அவர்களை ஒப்புக்கொண்டதாகும் என்றேன். வேலையை விட்டு வெளியே நிற்கும் ஆசிரியர்களின் முகத்தில் எப்படி விழிப்பாய் என்றேன். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், ஆறுதலாக இருக்கட்டுமென்று, "ஒரு வருஷந்தானே" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"உங்க மகளுக்கு நாளைக்கு ஸ்கூல் இருக்கா அண்ணே?"

"இருக்கு."

"சரி" என்றாள். பிறகு அரிசி விலையைப் பற்றிப் பேசினாள்.

தங்கை குத்திக்காட்டுகிற ஆள் அல்ல. அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நான் சொன்ன வாதங்களில் எதுவும் தவறென்று இன்றும் நினைக்கவில்லை. தவறு 'ஒரு வருஷந்தானே' என்பதில் இருந்தது. அந்த ஒரு வருஷம் யாருடையது? பதினாறு வயதில் என்னிடம் கேட்காமல் எடுக்கப்பட்டபோது அது ஒரு யுகமாக இருந்தது. நாற்பத்தொன்பது வயதில், வேறொருவனுடையதை நான் கொடுக்க முன்வந்தபோது, அது ஒரு வருஷந்தானே ஆகிவிட்டது.

பள்ளி மறுப்பு பர்மாவுக்குப் புதிதல்ல என்பதை ஒதுக்கிவிட முடியாது. 1920 டிசம்பரில், ரங்கூன் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே மாதத்தில், பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் வெளியேறினார்கள். ஷ்வேடகோனில் போய்த் தங்கினார்கள். போராட்டம் நாடெங்கும் பள்ளிகளுக்குப் பரவியது. பர்மாவின் தேசிய தினம் என்பதே அந்தப் பள்ளி மறுப்பின் நினைவுநாள்தான். 1936இல் ஆங் சானும் நூவும் விலக்கப்பட்டபோது, பரீட்சை நெருங்கிய வேளையில், மாணவர்கள் மறுபடி ஷ்வேடகோன் ஏறினார்கள். பரீட்சை தள்ளிப்போனது. இந்தக் கதைகளைப் பாடப்புத்தகத்தில் வைத்து, மனப்பாடம் செய்ய வைத்து, மதிப்பெண் போட்டவர்களும் இராணுவத்தார்தான். பள்ளியை மறுத்தவர்களைக் கொண்டாடும் நாளில் பள்ளிக்கு வராதவனைத் தேடுவது விசித்திரம், ஆனால் அதிகாரத்துக்கு விசித்திரம் என்று ஒன்று கிடையாது.

1920இல் நடந்ததைக் கவனித்தால் இன்னொன்றும் தெரிகிறது. வெளியேறியவர்கள் வெறுமனே வெளியேறவில்லை, தேசியப் பள்ளிகளைக் கட்டினார்கள். பணமில்லாமல் பல பள்ளிகள் மூடிப்போயின, சில நின்றன. ஆங் சானே அப்படியொரு பள்ளியில் படித்தவர். அதே காலத்தில் இந்தியாவில் காந்தி பள்ளி மறுப்புக்கு அழைத்தபோது தாகூர் தயங்கினார். மாற்று ஒன்றைக் கையில் கொடுக்காமல் பிள்ளைகளை வெறுமைக்குள் அனுப்புவது அவருக்கு ஒப்பவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1976இல் சொவெற்றோப் பிள்ளைகள் ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள், சுடப்பட்டார்கள். எண்பதுகளின் நடுவில் 'முதலில் விடுதலை, பிறகு கல்வி' என்ற முழக்கம் அங்கே ஓங்கியது. 1985 டிசம்பரில் சொவெற்றோப் பெற்றோரின் குழுவொன்று கூட்டிய மாநாடு பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்ப வேண்டும், ஆனால் வேறு கல்வியைக் கோரித் திரும்ப வேண்டும் என்றது. அவர்கள் கோழைகள் அல்ல. பிள்ளைகளை அடக்கம் செய்த ஊரின் பெற்றோர் அவர்கள்.

இந்த உதாரணங்களில் ஒரு வேற்றுமையை நான் காண்கிறேன். 1920இலும் 1936இலும் வெளியேறியவர்களில் முன்நின்றவர்கள் மாணவர்களே. தங்கள் வருஷத்தைத் தாங்களே எடுத்துக் கொடுத்தார்கள். சொவெற்றோவிலும் அப்படித்தான். தொலைபேசியில் நான் செய்தது அதுவல்ல. என் ஊதியத்தையோ என் வருஷத்தையோ நான் கொடுக்கவில்லை. ஒஸ்லோவில் இருந்துகொண்டு அலோனில் உள்ள ஒரு பையனை ஓட்டத்திலிருந்து விலக்கினேன். என் அப்பா என்னை முன்னால் தள்ளினார், நான் என் மருமகனைப் பின்னால் இழுத்தேன். திசை வேறு, பிடித்த பிடி ஒன்றுதான்.

பிள்ளைக்காக வேண்டுமென்றே தோற்றுப்போவதும் இந்த வகையோ என்று சந்தேகமாக இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் தபால்பெட்டிகள் வரை நானும் மகளும் ஓடுவதுண்டு. கடைசியில் நான் மூச்சு வாங்குவதுபோல நடித்துப் பின்தங்குவேன். அவளுக்கு ஆறு வயதிலேயே அது தெரிந்திருந்தது என்று பின்னர் சொன்னாள். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாளாம்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் தங்கையின் கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன் ஆவேன். ஒவ்வொரு வீடும் 'என் பிள்ளை மட்டும்' என்று சொன்னால் மறுப்பு என்ற ஒன்றே இருக்காது. மறுத்தவர்கள் தனியாக நிற்பார்கள். தங்கை வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஓர் ஆசிரியை இருந்தார். பர்மியப் பெண், பதினைந்து வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் கற்பித்தவர். 2021இல் வேலையைத் துறந்தார். அதன்பின் காலையில் மொஹிங்கா சமைத்து விற்றார். மாலையில் மருமகனுக்கும் இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கும் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. யாரும் கேட்டால் சமையல் உதவிக்கு வருகிறார்கள் என்று சொல்வதாக ஏற்பாடு. அவர் கொடுத்தது அவருடைய சொந்த ஊதியம், அவருடைய சொந்தப் பாதுகாப்பு. அந்தப் பெண்ணுக்கு 'அனுப்பாதே' என்று சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அவர் சொல்லவில்லை.

தங்கை பெயரைப் பதிந்தாள். அதற்கு முன் மகனிடம் கேட்டாளா என்று நான் பிறகு விசாரித்தேன். கேட்டாளாம். அவன் சொன்னது இதுதான்: "எழுதிட்டா இதப் பத்தி யாரும் பேசமாட்டீங்கல்ல?" பதினேழு வயதில் அவனுக்கு விடுதலையாகத் தோன்றியது அந்த ஒன்றுதான். தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம், மாமன் தொலைபேசியில். அவனைச் சுற்றி நின்று நாங்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தோம்.

2022 மார்ச் 31 முதல் பரீட்சை நடந்தது. 2020இல் ஒன்பது லட்சத்துக்கு மேல் எழுதிய பரீட்சைக்கு அந்த முறை மிகக் குறைவானவர்களே பதிந்தார்கள். அந்தக் கோடையில் ரங்கூனில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. மெழுகுவர்த்தியில் படித்தான். முந்தின இரவு ஒன்பது மணிவரை அந்த ஆசிரியை கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவன் எங்கே போகிறான் என்பது அவருக்குத் தெரியும். காலையில் வாசலில் துப்பாக்கியோடு நின்றவர்களைத் தாண்டி அவன் உள்ளே போனான். தங்கை வெளியே மற்றத் தாய்மாருடன் நின்றாள். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை என்றாள். வழக்கமாகப் பரீட்சை மண்டப வாசலில் தாய்மார் பேசும் பேச்சுக்கு அளவிருக்காது.

பையன் தேறினான். நன்றியாகத் தங்கை ஒரு லுங்கித் துணியும் பழமும் எடுத்துக்கொண்டு ஆசிரியை வீட்டுக்குப் போனாள். அவர் மரியாதையாக உட்காரவைத்தார், தேநீர் கொடுத்தார், துணியை வாங்கிக்கொள்ளவில்லை. அதன்பின் அவர் தங்கை வீட்டுக்கு வரவே இல்லை. தெருவில் கண்டால் சிரிப்பாராம். "திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் அண்ணே" என்றாள். எனக்கு என் மகளின் ஆசிரியை நினைவுக்கு வந்தார்.

எனக்கு 'அனுப்பாதே' என்று சொல்ல உரிமை இருக்கவில்லை என்பதில் இப்போது சந்தேகமில்லை. தங்கைக்கு 'போ' என்று சொல்ல உரிமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றுதான் சொல்வேன், ஆனால் அந்த உரிமையின் விலையை நான்கு வீடு தள்ளி இருந்தவர் கொடுத்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முயன்று பார்த்தேன். நிற்கவில்லை.

2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரையான ஆண்கள். மருமகனுக்கு அப்போது இருபது. அந்தத் தேர்ச்சிச் சான்றிதழ் அவனை ஒன்றிலிருந்தும் காக்கவில்லை. மே மாதத்துக்குள் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய்விட்டான். முப்பத்துச் சில ஆண்டுகளுக்கு முன் நான் தாண்டிய அதே எல்லைதான். இப்போது பகலில் ஓர் உணவுக்கடையில் பாத்திரம் கழுவுகிறான். இரவில், பர்மியப் பிள்ளைகள் பலரும் அங்கே எழுதும் அமெரிக்க உயர்பள்ளிச் சமநிலைப் பரீட்சைக்குப் படிக்கிறான். கணக்கில் அவனுக்குப் பயமில்லை.

போன மாதம் அழைத்தான். பரீட்சைத் தேதி வந்துவிட்டது என்றான். என்ன மதிப்பெண் வேண்டும், எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன்.